ஒரு தெருவுக்கு ஒரு ஹெல்மெட்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் மாப்பிள்ளை செத்துப்போனார். சாயந்திரம் அரிசி மூட்டையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

பதறாதீர்கள். பதற வேண்டிய அளவுக்கு அன்றைக்கே நான் பதறி முடித்துவிட்டேன். இதை எழுதும்போது மாப்பிள்ளை நடையில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் எழுதச் சௌகரியமாக இருக்கும்... இருந்தாலும், இந்த வாரம் மட்டும் அந்தச் சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாம் ஒரு ஹெல்மெட்டால் வந்தது. இல்லை, ஒரே ஒரு ஹெல்மெட்டால் வந்தது என்று சொல்லவேண்டும். முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் தெரு மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. ஆண்களில் பாதிப் பேர் உப்பளத்துக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆர். ரோட்டில் தெற்கே போய்விடுவார்கள். ஆரோவில்லில் கட்டட வேலை, தோட்ட வேலை. பாண்டியில் கடை வேலை. டி.வி.எஸ். ஃபிப்டி, பழைய பைக், புது பைக் — எல்லாம் தெருவில் உண்டு. ஹெல்மெட்தான் கிடையாது.

ஆனால் போலீஸ் உண்டே!

ஹெல்மெட் கட்டாயம் என்று ஒரு நாள் டி.வி.யில் சொல்கிறார்கள். இப்போதைக்கு இல்லை என்று இன்னொரு நாள் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்து எஸ்.ஐ.க்கு டி.வி. பார்க்க நேரமில்லை போலிருக்கிறது. அவர் பாட்டுக்கு எங்கள் ஊருக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில், மர நிழலில் ஜீப்பைப் போட்டுக்கொண்டு நிற்பார். பத்து மணி வாக்கில் வருவார், வெயில் தாழ்ந்ததும் போவார். காலையில் சீக்கிரம் கிளம்புகிறவர்களுக்கும் இருட்டி வருகிறவர்களுக்கும் பிரச்சினை இல்லை. நடுப்பகலில் போகிறவர், வருகிறவர் பாடுதான் திண்டாட்டம்.

இந்தத் திண்டாட்டத்தைத் தீர்த்தவர் எதிர்வீட்டு வரிசையில் இருக்கும் குப்புசாமி. உப்பு லோடு ஏற்றி அனுப்புகிற மேஸ்திரி. புது பைக் எடுத்தபோது கடைக்காரர் கூடவே ஒரு ஹெல்மெட்டும் கொடுத்திருக்கிறார். நல்ல கிளிப்பச்சை நிறம்! கொல்லையில் வைத்தால் தென்னை மட்டையெல்லாம் மங்கித் தெரியும். குப்புசாமி அதை ஒரு தடவை போட்டுப் பார்த்தார். "உள்ளார அடுப்பு எரியுதுப்பா" என்று கழற்றிவிட்டார். அப்புறம் அதைத் தன் வாசலில் ஒரு ஆணி அடித்து மாட்டிவைத்தார். "வேணுங்கிறவங்க எடுத்துக்கினு போங்க."

அவ்வளவுதான். ஒரு ஏற்பாடு தானாக முளைத்துவிட்டது.

குப்புசாமி வாசலில் ஒரு ஆணி. கூனிமேட்டில் காதர் பாய் டீக்கடையில் இன்னொரு ஆணி. தெற்கே போகிறவர் இங்கே எடுத்து மாட்டிக்கொண்டு போவார். எஸ்.ஐ.யைத் தாண்டியதும் பாய் கடையில் தொங்கவிட்டுவிட்டு, வெறும் தலையோடு மேலே போவார். வடக்கே வருகிறவர் பாய் கடையில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, இங்கே தொங்கவிடுவார். பாய் கடை ஆணி காலியாக இருந்தால்? ஊரிலிருந்து யாராவது அதை மாட்டிக்கொண்டு வரும்வரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாய்க்கு இதில் சந்தோஷம்தான்.

சின்னத் தலை, பெரிய தலை, எண்ணெய்த் தலை, மொட்டைத் தலை — திருப்பதி போய்விட்டு வந்தவர் உட்பட — எல்லாம் அந்தப் பச்சைக்குள் போய் வந்தன. தலை சின்னதாக இருந்தால் துண்டை உள்ளே மடித்து வைத்துக்கொள்வார்கள். தாடைக்குக் கீழே மாட்டுகிற பட்டையின் கொக்கி, உப்புக் காற்றில் எப்போதோ துருப்பிடித்து விழுந்துவிட்டது. பட்டை இரண்டு பக்கமும் ஆட்டுக் காது மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். யாருக்குக் கவலை? எஸ்.ஐ. கண்ணில் பச்சை பட்டால் போதாதா?

எஸ்.ஐ. என்ன விவரம் தெரியாதவரா? ஒரு நாள் எங்கள் மாப்பிள்ளையை நிறுத்தி, ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்துச் சொன்னாராம்:

"என் சம்சாரத்தைக்கூட நான் இத்தனை தடவை பாக்கலய்யா. இந்தப் பச்சை மண்டைய தெனம் பாக்குறேன். ஹெல்மெட்டு அதேதான், உள்ள இருக்கிற மூஞ்சிதான் மாறிக்கினே இருக்குது!"

சொல்லிவிட்டு விட்டுவிட்டார். தலையில்தான் இருக்கிறதே, என்ன கேஸ் எழுதுவது?

இந்தக் கதையை மாப்பிள்ளை சாப்பிடும்போது என் மகள் தனத்திடம் சொன்னார். நான் அடுப்படியிலிருந்து கேட்டுச் சிரித்தேன். சத்தம் வராமல்தான்.

இங்கே என் வீட்டுச் சமாசாரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை ஏழுமலையோடு நான் நேருக்கு நேர் பேசியதே கிடையாது. எங்கள் பக்கத்தில் மாமியார்கள் மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்பதையே கூச்சமாக நினைத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது மற்ற வீடுகளில் மாமியாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார்கள். எனக்குத்தான் அந்தக் கூச்சம் போகவில்லை. எனக்கு யாரிடம்தான் சரளமாகப் பேச்சு வந்தது? எழுதும்போது ஓடுகிற கை, ஆளைப் பார்த்தால் நின்றுவிடும். அஞ்சாவதோடு நின்ற படிப்பு மாதிரி.

ஏதாவது சொல்ல வேண்டுமானால், "தனம், ஒங்க வீட்டுக்காரரு இன்னும் ரெண்டு இட்லி வச்சிக்கிறாரான்னு கேளு" என்பேன். அவர் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். அவரும், "போதும்னு சொல்லு தனம்" என்பார். தனம் வீட்டில் இல்லாவிட்டால் வாசலில் கட்டியிருக்கும் ஆட்டைப் பார்த்துச் சொல்வேன். "சோறு அடுப்புமேல இருக்குது." ஆடு திரும்பிப் பார்க்காது. மாப்பிள்ளை போய்ப் போட்டுச் சாப்பிடுவார். என் வீட்டுக்காரர் போனபிறகு என்னைத் தன் வீட்டோடு கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். அதற்குக்கூட நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆட்டிடம்கூடச் சொன்னதில்லை.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தனத்துக்கு இப்போதுதான் ஏழாம் மாசம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அதனால் மாப்பிள்ளை ஆரோவில்லில் அரை நாள் வேலை பார்த்துவிட்டு மத்தியானமே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். விடியற்காலையில் போனதால் வெறுந்தலைதான்.

மத்தியானம் உப்பு ஏற்ற வந்த லாரி ஒன்று குப்புசாமி வீட்டுப் பக்கம் நின்றது. கிளீனர் இறங்கி வந்தார். நாங்கள் இரண்டு மூன்று பெண்கள் தெருக்குழாயில் தண்ணீருக்கு நின்றுகொண்டிருந்தோம்.

"அண்ணே, கூனிமேட்டுக்கு இந்தாண்ட வளைவு இல்ல? அங்க ஒரு ஆளு வண்டியோட விழுந்து கெடந்தாரு. வேன்ல தூக்கிப் போட்டுக்கினு பாண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போனாங்க. பேச்சு மூச்சு இல்லன்னு சொல்லிக்கினாங்க."

"யாருப்பா?" என்றார் குப்புசாமி.

"மூஞ்சி தெரிலண்ணே. கிளிப்பச்சையில ஹெல்மெட்டு போட்டிருந்தாரு."

என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

யோசித்துப் பாருங்கள். வேறு தெருவாக இருந்தால், ஹெல்மெட்டைச் சொன்னதும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒரே ஒரு வீட்டில்தான் அழுகை கேட்கும். எங்கள் தெருவில்? தெற்கே போன ஆண் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் ஓடி வந்தார்கள். "இன்னிக்கு யாரு போட்டுக்கினு போனாங்க? யாரு போட்டுக்கினு போனாங்க?" — எல்லோரும் எல்லோரையும் கேட்கிறார்கள். ஆணியைப் பார்த்தோம். காலி.

தெருவில் செல்போன் குப்புசாமியிடம் மட்டும்தான். பாய் கடைக்குப் போட்டார். பாய் குரல் எப்போதுமே பெரிய குரல். சுற்றி நின்ற எங்களுக்கே கேட்டது.

"பச்சையா? ஏழுமலை தம்பிதான் எடுத்துக்கினு போச்சு. இப்பதான், செத்த முன்னாடி. என்னா அவசரமோ, டீகூட வேணாம்னுடிச்சி. ஏன் குப்புசாமி, என்னா விஷயம்?"

குப்புசாமி போனைச் சட்டைப்பையில் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. தனத்தைப் பார்க்கவில்லை. கிளீனரைப் பார்த்தார்.

சுற்றியிருந்த பெண்கள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நான் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் இருந்தால் நானும் விட்டிருப்பேன். ஒரு நிமிஷத்துக்கு அவரவர் வீட்டுக்காரர் அவரவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாரே! அடுத்த நிமிஷம் எல்லோரும் தனத்தைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அதுவும் நிஜ அழுகைதான்.

தனம் அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "எம்மா, அவரு காலையில சாப்பிடாம போயிட்டாருமா" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார், நான்தான் வைத்தேன். அதைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

குப்புசாமி பைக்கை எடுத்துக்கொண்டு பாண்டிக்குப் பறந்தார். தனத்தை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு அஞ்சலை. அவள் வீட்டுக்காரர் மாரி, பாண்டியில் ஒரு பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறவர். அன்றைக்கு மத்தியானம்தான் கடைக்குக் கிளம்பியிருந்தார்.

"என்னா பெரிம்மா இது அநியாயம்," என்று அஞ்சலை மூக்கைச் சிந்தினாள். "எங்க வீட்டுல இருக்கிறவரு வெறுந்தலையாதான் போனாரு. எப்பவும் அப்பிடிதான் சுத்துறாரு. அவருக்கு ஒண்ணும் ஆவல. சட்டப்படி மாட்டிக்கினு போனவருக்குப் போயி இப்பிடியா?"

அந்த நேரத்தில் எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். சத்தம் போட்டு அழக்கூட எனக்குக் கூச்சம் என்றால் நம்புவீர்களா? வெளியே அத்தனை பேர் அழுகிறார்கள், பெற்ற மகள் கிடக்கிறாள், நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறேன். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த ஒரு மனுஷரை, ஒரு தடவை "வாங்க" என்று சொல்லியிருக்கிறேனா? ஒரு தடவை "பாத்துப் போங்க"? எதற்கு அந்தக் கூச்சம்? யாருக்கு அதனால் என்ன கிடைத்தது?

நேரம் போய்க்கொண்டே இருந்தது. பாண்டிக்குப் போன குப்புசாமியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எப்படி வரும்? தெருவில் இருந்த ஒரே செல்போன் அவர் பாக்கெட்டில் போய்விட்டதே!

வெயில் தாழ்கிற நேரத்தில் வாசலில் ஒரு வண்டிச் சத்தம். தடால் என்று கீழே போட்ட சத்தம். அப்புறம் ஒரு ஆண் குரல், அடிவயிற்றிலிருந்து:

"ஐயோ அத்தை! அத்தைக்கு என்னா ஆச்சு? காலையில நல்லாத்தானே இருந்தாங்க! இட்லி வச்சாங்களே!"

ஏழுமலைதான். மாப்பிள்ளைதான். வாசல் நிறைய ஜனம், தலைவிரி கோலமாகப் பெண்கள். அந்த வீட்டில் போகிற வயசில் இருப்பவள் நான் ஒருத்திதானே? அத்தை போய்விட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டார்! பைக் ஒரு பக்கம் கிடக்கிறது. வளைகாப்புக்கு என்று பிரம்மதேசத்தில் தெரிந்தவர் வீட்டில் வாங்கிவந்த அரிசி மூட்டை வாய் பிளந்து கிடக்கிறது. அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார்.

வாசலில் இருந்தவர்கள் அவரைப் பார்த்து அலறினார்கள். ஒருத்தி எழுந்து ஓடியே போனாள். அவர் அதைத் துக்கத்தில் கத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பெரிதாக அழுகிறார்.

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பிணங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

"எங்க போயித் தொலைஞ்சீங்க?" என்றேன். தெருவே கேட்கிற மாதிரி. "மத்தியானம் வர்றேன்னு சொல்லிட்டு எங்க போனீங்க? வாயும் வயிறுமா ஒருத்தி கெடக்குறா, போற எடத்த ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போனா என்னா? அந்தப் பச்சைச் சனியன் எங்க? அதுக்குள்ள தலைய விட்டதுலேருந்து இந்தத் தெருவுல நிம்மதி போச்சு! பேசுங்க! வாயில என்னா கொழுக்கட்டையா?"

வாயில் கொழுக்கட்டையாம்! யார் யாரைக் கேட்பது?

மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நான் பிழைத்ததில் அதிர்ச்சியா, பேசியதில் அதிர்ச்சியா என்று இன்றுவரை தெரியவில்லை. உள்ளேயிருந்து தனம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எம்மா... நீயா பேசுன?" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எங்கள் எல்லோருக்கும்தான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாப்பிள்ளை என் கேள்விக்குப் பதில் சொன்னார்.

"பிரம்மதேசம் போற வழியில எனக்கெதுக்கு அத்தை ஹெல்மெட்டு? அந்த ரோட்டுல ஏது போலீஸ்? எஸ்.ஐ.யைத் தாண்டினதும் ரோட்டோரமா மாரி நின்னுக்கினு இருந்தான். ஜீப்பைப் பாத்துட்டு மேல போவ முடியாம முழிச்சிக்கினு இருந்தான். இந்தாடா, நீ போட்டுக்கினு போன்னு அவங்கிட்ட குடுத்துட்டேன்."

மாரி.

என் கண் தானாக அஞ்சலை பக்கம் போனது. தனத்தைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அத்தனை நேரம் எங்களுக்காக அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது. இப்போது அவளுக்கு அழுகையே வரவில்லை. மெல்ல எழுந்தாள். புடவையைச் சரி செய்துகொண்டாள். "பெரிம்மா, நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றாள், ஏதோ கடைக்குப் போகவேண்டும் என்கிற மாதிரி.

எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்த உயிர் அவள் வீட்டிலிருந்து எடுத்து வந்தது போல எனக்கு உடம்பு கூசியது. சந்தோஷப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த மாதிரி ஒரு நிமிஷம் உங்களில் யாருக்கும் வரவேண்டாம்.

ஒரு வேனைப் பிடித்துக் கிளம்பினோம். மாப்பிள்ளை, அஞ்சலை, நான். தனத்தோடு மற்றப் பெண்கள் இருந்தார்கள். வழி நெடுக நான் அஞ்சலை கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். கூனிமேட்டுக்கு முன்னால் அந்த வளைவு வந்தது. ரோட்டில் வெள்ளையாகச் சிந்திக் கிடந்தது என்ன தெரியுமா? உப்பு. அம்பாரமாக ஏற்றிக்கொண்டு போகிற லாரிகள் அந்த வளைவில் சாயும்போது சரிந்து கொட்டுகிற உப்பு. அதில்தான் வண்டி வழுக்கியிருக்கிறது. எங்கள் ஊர் உப்பு!

ஆஸ்பத்திரியில் எங்கே, யாரைக் கேட்பது என்று மாப்பிள்ளை திகைத்து நின்றபோது, ஒரு வராந்தாக் கோடியிலிருந்து பழகிய குரல் கேட்டது.

"குப்புசாமி அண்ணே, தப்பா நெனச்சிக்காத. ஒன் ஹெல்மெட்டு ஒடைஞ்சிப் போச்சு."

"அட விட்றா, அத எத்தினி தடவைடா சொல்லுவ!"

மாரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோள்பட்டை எலும்பு உடைந்து கட்டுப் போட்டிருந்தார்கள். கன்னத்தில் சிராய்ப்பு. விழுந்த வேகத்தில் கொஞ்ச நேரம் நினைவு தப்பியிருந்திருக்கிறது. பேச்சு மூச்சு இல்லை என்று ஊர் சொன்னது அதைத்தான். அஞ்சலை நேராகப் போனாள். நல்ல தோளில் ஒரு அடி வைத்தாள். அப்புறம் அந்தத் தோளிலேயே முகத்தை வைத்து அழுதாள். அதுவரை அடக்கி வைத்த அத்தனையும்.

சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் வந்தார். கையில் அந்தப் பச்சை. உச்சியிலிருந்து காதுவரை கோடாக வெடித்திருந்தது.

"பாத்தீங்களா? பாலத்துக் கட்டையில மோதியிருக்காரு. இந்த வெடிப்பு இவரு மண்டையில விழுந்திருக்க வேண்டியது. இது கழண்டு ஓடாம இருந்ததாலதான் ஆளு பொழைச்சாரு. அது சரி, இத இவ்ளோ டைட்டா யாரு கட்டினது? முடிச்ச அவுக்க முடியாம கத்திரிக்கோலால வெட்டி எடுத்தோம்!"

கட்டினதா? கொக்கியே இல்லாத பட்டையாயிற்றே! நாங்கள் மாரியைப் பார்த்தோம். அந்த மனுஷர் வெட்கத்தோடு சிரித்தார்.

"எஸ்.ஐ.தான் பெரிம்மா! ஏழுமலை குடுத்தத மாட்டிக்கினு போனேனா? ஜீப்பாண்ட நிறுத்திட்டாரு. 'ஏண்டா, இப்பதான் இந்தப் பச்சை வடக்கால போச்சு, அதுக்குள்ள தெக்கால வருது. வழி மறந்துடுச்சா?'ன்னாரு. நான் இளிச்சேன். பட்டை எங்கடான்னாரு. துருப்புடிச்சிப் போச்சு சார்ன்னேன். கோவம் வந்துடுச்சி அவருக்கு. ஜீப்புலேருந்து நைலான் கயிறு எடுத்தாரு. ரெண்டு பட்டையையும் இழுத்து, தாடையில சேத்து, முடிச்சுமேல முடிச்சா போட்டாரு. 'இப்ப பாய் கடையில இத எப்பிடிக் கழட்டுறன்னு பாக்குறேன். தெரு பூரா ஒரே ஹெல்மெட்ட போடுறீங்களா? இன்னிக்கு பூரா நீ மட்டும் போட்டுக்கினு சுத்து!'ன்னு அனுப்பிட்டாரு. திட்டிக்கினே போனேன் பெரிம்மா. அடுத்த வளைவுல விழுந்தேன்."

அவருக்குத் தண்டனை என்று போட்ட முடிச்சு அது!

குப்புசாமி கதை தனி. பாண்டிக்குப் பறந்தாரே, அவரையும் அதே எஸ்.ஐ. மறித்திருக்கிறார். "ஹெல்மெட் எங்கய்யா?" "சார், அது ஆஸ்பத்திரியில இருக்குது சார்." "ஹெல்மெட்டா?" "ஆமா சார், உள்ள இருந்த ஆளோட சேத்து தூக்கிக்கினு போயிட்டாங்க!" எஸ்.ஐ. முகம் ஒரு மாதிரி ஆகி, "போ போ" என்று வழியை விட்டாராம்.

திரும்பி வரும்போது நான் வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த உப்பளத்தில் முப்பது வருஷம் தலைச்சுமை தூக்கியவள் நான். சும்மாடு சுற்றாமல் ஒரு கூடையைத் தூக்கியிருப்போமா? மாட்டோம். உச்சந்தலை நோகும் என்று தெரியும். உப்புக் கூடைக்குக் கீழே வைக்கத் துணி தேடிய நாங்கள், தலையே ரோட்டில் மோதினால் என்ன ஆகும் என்று ஒரு நாளாவது நினைத்தோமா? ஹெல்மெட் என்பது எஸ்.ஐ.க்குக் காட்டுகிற சாமான் என்றுதான் நினைத்தோம். ஒரு தெருவே ஒன்றை வைத்துச் சமாளித்ததில் பெருமை வேறு!

சட்டம் போடுகிறவர்களுக்கும் தெரியும், நம் ஜனம் பயந்துகொண்டுதான் எதையும் செய்யும் என்று. பயந்து செய்தால் என்ன? மாரி தன் தலைக்காகவா போட்டார்? போலீஸுக்குப் பயந்துதான் போட்டார். திட்டிக்கொண்டேதான் போனார். பாலத்துக் கட்டை அதையெல்லாம் கேட்கவில்லை... தலையில் இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா, இந்த இரண்டைத்தான் பார்த்தது.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. மாரி கையைக் கழுத்தில் தொட்டில் மாதிரி கட்டிக்கொண்டு வந்து, மற்றக் கையால் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தார். அரிசி மண்ணோடு வாரியதுதான். புடைத்து, களைந்து, ஆக்கிப் போட்டோம். யாரும் குறை சொல்லவில்லை.

அன்றைக்கே பெண்கள் எல்லோரும் கூடிப் பேசி ஒரு முடிவு செய்தார்கள். வீட்டுக்கு ஒரு ஹெல்மெட். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நிறம்.

"எதுக்கு நெறம் நெறமா? எல்லாம் கறுப்பாவே வாங்கிடலாமே" என்றார் குப்புசாமி.

"ம்க்கும்! அப்புறம் எந்த வீட்டுல போயி அழுறதுன்னு மறுபடியும் தேடணுமா?" என்றாள் அஞ்சலை. அவள் சொன்னால் சரிதான். அதில் எல்லோரையும்விட அவளுக்கு உரிமை அதிகம்.

சைக்கிளில் உப்பளத்துக்குப் போகிற ஒருவர் மட்டும் ஓரமாக நின்று கேட்டார்: "சைக்கிளுக்கும் வருமாமே? ஆரோவில்லுல வெள்ளக்காரங்க சைக்கிளுக்கே போட்டுக்கினு போறாங்களே!" வரட்டும். வந்தால் அதற்கும் ஒரு நிறம் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளை பாண்டியில் புது ஹெல்மெட் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தபோது எஸ்.ஐ. நிறுத்தினாராம். சுற்றி வந்து பார்த்தாராம். "இதுல எத்தினி பேருக்குப் பங்குய்யா?" "எனக்கு மட்டும்தான் சார்." தாடைக்குக் கீழே விரலை விட்டுக் கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு, மாரி எப்படி இருக்கிறார் என்று கேட்டாராம். சாயந்திரம் இதை மாப்பிள்ளை தனத்திடம் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, நேராக என்னிடம் சொன்னார். நானும் நேராகவே கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டு நிறம் மஞ்சள். ஈ.சி.ஆர். ரோட்டில் பார்த்தால் ஒரு கை காட்டுங்கள் — நீங்களும் ஹெல்மெட் போட்டிருந்தால்!